நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில், நாங்கள் அமெரிக்காவில் வசிக்கும் ஊரிலிருந்து ஐந்து மணி நேரம் காரில் சென்று, கடலோர நகரம் ஒன்றில் நான்கு நாள் தங்கியிருந்தோம். மாலை நேரத்தில் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது, நீச்சல் உடைகளும் சிப்பி மாலைகளும் விற்கும் ஒரு கடையின் வாசலில் என் நான்கு வயது மகள் நின்றுவிட்டாள். அங்கே ஒரு மேசையின்மேல், சாப்பாட்டு டப்பா அளவுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் விரல்கடை ஆழத்துக்குத் தண்ணீர், நீலமும் இளஞ்சிவப்புமான கூழாங்கற்கள், ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம், அதன் அடியில் ஓர் ஆமைக்குஞ்சு. பச்சை ஓட்டில் மஞ்சள் வரிகள் ஓட, கண்ணுக்குப் பின்னால் குங்குமக் கோடு போலச் சிவப்புத் தீற்றல் இருந்தது. அதன் ஓடு கால் டாலர் நாணயத்தைவிடச் சற்றுத்தான் பெரியது.

ஆமைக்கு விலை இல்லை என்றும் பெட்டிக்கும் தீனிக்கும்தான் விலை என்றும் கடையில் இருந்தவர் சொன்னார். பணம் கொடுத்த பிறகு ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். அதில், இந்த ஆமையைக் கல்வி நோக்கத்துக்காகப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஒரே ஒரு வரி இருந்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மகள் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, அந்த வரி எதற்காக அங்கே இருக்கிறது என்று யோசிக்காமல் நான் கையெழுத்திட்டேன். அறைக்குத் திரும்பும் வழியிலேயே மகள் அதற்கு முத்து என்று பெயர் வைத்துவிட்டாள்.

ஊர் திரும்பிய இரண்டாவது வாரத்தில் என் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. அவனுக்கு அப்போது எட்டு மாதம். முதலில் பல் முளைப்பதால் வரும் காய்ச்சல் என்றே நினைத்தோம். அன்றிரவே வயிற்றுப்போக்கு தொடங்கி, மறுநாள் காலை டயப்பரில் சளியோடு ரத்தமும் கலந்திருந்ததைப் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது. மருத்துவமனையில் சேர்க்கும்போது அவன் அழுதான், ஆனால் கண்ணில் நீர் வரவில்லை. உடலில் நீர் வற்றிவிட்டதன் அடையாளம் அது என்று செவிலியர் சொன்னார். சின்னஞ்சிறு புறங்கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றி, மூன்று நாள் குளுக்கோஸ் செலுத்தினார்கள். மலப் பரிசோதனையின் முடிவு வந்தது: சால்மொனெல்லா என்ற குடல் தொற்றுக் கிருமி. அவன் அந்த ஆமையை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. ஆமைப் பெட்டி மகளின் அறையில், அவனுக்கு எட்டாத உயரத்தில், அலமாரியின்மேல் இருந்தது.

அமெரிக்காவில் சால்மொனெல்லா தொற்றைப் பொதுச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது விதி. ஆகவே வீட்டுக்கு வந்த நான்காம் நாள் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் அலுவலர் தொலைபேசியில் அழைத்தார். முட்டை, கோழிக்கறி, முலாம்பழம், வெளியே சாப்பிட்ட உணவு என்று ஒவ்வொன்றாகப் பொறுமையாகக் கேட்டுவந்தவர், வீட்டில் ஊர்வன ஏதாவது வளர்க்கிறீர்களா என்று கேட்டார். ஆமை இருக்கிறது என்றேன். சிறிது நேரம் எதிர்முனையில் தட்டச்சு ஓசை மட்டும் கேட்டது. பிறகு, அதன் மேலோட்டின் நீளம் எவ்வளவு என்று கேட்டார். மகளின் வரைபெட்டியிலிருந்து அளவுகோலை எடுத்து, பெட்டியின் வெளிப்புறமாகவே வைத்துப் பார்த்தேன். இரண்டு அங்குலம்கூட இல்லை. பெட்டியை எங்கே கழுவுவீர்கள் என்பது அவருடைய அடுத்த கேள்வி. சமையலறைத் தொட்டியில் என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. குழந்தையின் பால் புட்டிகளையும் அதே தொட்டியில்தான் கழுவிக்கொண்டிருந்தேன்.

நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமையை இந்த நாட்டில் வளர்ப்புப் பிராணியாக விற்பது 1975 முதல் சட்டவிரோதம் என்பதை அன்று அந்த அலுவலர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு பல இரவுகள் உட்கார்ந்து அந்த விதியையும் அதன் வரலாற்றையும் தேடித் தேடிப் படித்தேன். படித்தவற்றை இங்கே எழுதக் காரணம், நம் குடும்பங்கள் கோடையில் இத்தகைய கடற்கரைகளுக்குப் போகின்றன என்பதும், அந்த மேசையின் முன் நிற்கும் தாய் தந்தையருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதும்தான்.

எஃப்.டி.ஏ. என்று நாம் அறிந்த உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பிறப்பித்த விதி அது. மேலோட்டின் நீளம் நான்கு அங்குலத்துக்கும் குறைவாக உள்ள உயிருள்ள ஆமைகளையும், பொரிக்கக்கூடிய நிலையில் உள்ள ஆமை முட்டைகளையும் விற்கக் கூடாது, விற்பனைக்காக வைத்திருக்கக் கூடாது, வணிக முறையிலோ பொதுமக்களுக்கோ வேறு எந்த வகையிலும் வினியோகிக்கவும் கூடாது. நீர் ஆமை, நில ஆமை எல்லாமே இதில் அடங்கும். கடல் ஆமைகள் மட்டும் இதில் வரவில்லை. மீறுவோருக்கு ஒவ்வொரு மீறலுக்கும் 1,000 டாலர் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இந்த விதி விலங்கு நலச் சட்டங்களின் நடுவில் இல்லை என்பதுதான் நான் படித்ததிலேயே எனக்குப் பெரிதாகப்பட்ட செய்தி. அது இருப்பது தொற்றுநோய்க் கட்டுப்பாட்டு விதிகளின் வரிசையில். மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பாலைக் கட்டாயம் பாஸ்டுரைஸ் செய்ய (சூடாக்கிக் கிருமியைக் கொல்ல) வேண்டும் என்ற விதிக்கு அடுத்த எண்ணில். பாலும் ஆமையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தபோது, சட்டம் இதை எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பது விளங்கியது.

அது என்ன நான்கு அங்குலம் என்ற கேள்வி எனக்கும் எழுந்தது. நான்கு அங்குலத்தைத் தாண்டியதும் ஆமை சுத்தமாகிவிடுவதில்லை. ஐந்து அங்குல ஆமையும் பத்து அங்குல ஆமையும் அதே கிருமியைச் சுமக்கின்றன. அந்த எல்லை ஆமையைப் பார்த்துப் போட்டதே அல்ல. குழந்தையின் வாயைப் பார்த்துப் போட்டது. ஓர் அங்குல ஆமையைச் சிறு குழந்தை பொம்மைபோலக் கையில் எடுக்கும், கன்னத்தில் வைக்கும், முத்தமிடும், வாய்க்குள்ளேயே போட்டுக்கொள்ளும். உள்ளங்கையை நிறைக்கும் ஆமையிடம் அது நடப்பதில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் வாயில் நுழையாத அளவு என்பதுதான் அந்த நான்கு அங்குலத்தின் பொருள்.

விதி வந்த வழியும் நீளமானது. 1950களிலும் 60களிலும் அமெரிக்காவின் மலிவு விலைக் கடைகளில் ஆமைக்குஞ்சுகள் சில்லறைக் காசுக்கு விற்றன. அதே தென்னை மரப் பெட்டிதான் அப்போதும். சிலவற்றின் ஓட்டில் பூவும் பெயரும் வண்ணத்தால் தீட்டி விற்றார்கள். ஓடு வளர முடியாமல் வண்ணப்பூச்சின் அடியில் கோணிப்போன ஆமைகளின் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆமையிலிருந்து மனிதருக்கு சால்மொனெல்லா பரவுவது 1963இல் பதிவாகத் தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில், வளர்ப்பு ஆமைகளால் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,80,000 பேர் இந்த நோய்க்கு ஆளாகிறார்கள் என்று மதிப்பிட்டார்கள். நாட்டின் மொத்த சால்மொனெல்லா நோயாளிகளில் ஏழில் ஒருவர் என்ற கணக்கு அது. அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

உடனே தடை வந்துவிடவில்லை. முதலில் 1972இல், சால்மொனெல்லா இல்லை என்று சான்று பெற்ற ஆமைகளை மட்டுமே மாநில எல்லை தாண்டி அனுப்பலாம் என்று ஒரு நடுவழியை முயன்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு தோற்றுப்போனது. ஏன் தோற்றது என்பதை இன்றைக்கும் ஆமை விற்பவர்கள் வாங்குவோருக்குச் சொல்வதில்லை. பரிசோதித்த, கிருமியற்ற ஆமை என்று எழுதி ஒட்டி விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சால்மொனெல்லா ஆமையின் குடலில் நோய் எதையும் உண்டாக்காமல் குடியிருக்கிறது. ஆமை நன்றாகத் தின்னும், சுறுசுறுப்பாக நீந்தும், வெயில் காயும். அதைப் பார்த்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கிருமி மலத்தோடு எல்லா நாளும் வெளியேறுவதும் இல்லை. சில நாள் வரும், சில வாரம் வராது. வராத நாளில் எடுத்த மாதிரியில் கிருமி இல்லை என்றுதான் முடிவு வரும்; அதை வைத்துச் சான்றும் கிடைத்துவிடும். பிறகு அதே ஆமையை நூற்றுக்கணக்கானவற்றோடு அட்டைப் பெட்டியில் அடைத்து, தண்ணீரில்லாமல் நெடுந்தூரம் அனுப்பும்போது ஏற்படும் அலைச்சலில் கிருமி அதிகமாக வெளியேறத் தொடங்குகிறது. சான்றோடு புறப்பட்ட ஆமை கடைக்கு வந்து சேரும்போது கிருமியோடு இருந்தது. அந்த விரல்கடைத் தண்ணீரில் ஆமை தின்கிறது, மலம் கழிக்கிறது, உயிர்வாழ்கிறது; வீட்டின் வெதுவெதுப்பில் கிருமி அதில் பெருகுகிறது. அந்தத் தண்ணீரைத்தான் நான் ஒருநாள் விட்டு ஒருநாள் சமையலறைத் தொட்டியில் கொட்டி, பெட்டியை அலசி, பக்கத்திலேயே புட்டியின் ரப்பரைக் கழுவி வைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், தொட்டியைக் கழுவவில்லை.

சான்று முறை கைவிடப்பட்டு 1975இல் முழுத் தடை வந்தது. கனடாவும் அதே ஆண்டில் ஆமை இறக்குமதியை நிறுத்தியது. தடைக்குப் பிறகு அமெரிக்காவில் ஆண்டுதோறும் சுமார் 1,00,000 குழந்தைகள் இந்த நோயிலிருந்து காக்கப்பட்டார்கள் என்று 1980இல் வெளிவந்த மருத்துவ ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஒரு லட்சம் என்பது சொல்லிவிட்டுக் கடந்துபோகும் எண்ணாகவே எனக்கும் ஒரு காலத்தில் இருந்திருக்கும். ஒரு குழந்தையின் புறங்கையில் நரம்பு தேடுவதை நின்று பார்த்த பிறகு அப்படிக் கடக்க முடியவில்லை.

தடையால் இழந்தவர்களும் உண்டு, அவர்கள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். லூசியானா மாநிலத்தில் குளங்கள் வெட்டி ஆமை வளர்ப்பதைப் பல குடும்பங்கள் தலைமுறைத் தொழிலாகச் செய்துவந்தன. தடையை எதிர்த்து அந்த மாநிலமே வழக்குத் தொடுத்தது. மாநிலத்துக்குள்ளேயே நடக்கும் விற்பனையைத் தடுக்க மத்திய அமைப்புக்கு என்ன அதிகாரம் என்பது அவர்களுடைய முக்கியமான கேள்வி. 1977இல் நீதிமன்றம் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. நோய் மாநில எல்லைக்குள் நின்றுவிடுவதில்லை அல்லவா. பண்ணைக்காரர்கள் அதோடு சோர்ந்துவிடவில்லை. முட்டைகளைக் கழுவி, காற்றழுத்தத்தை மாற்றி ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை ஓட்டுக்குள் செலுத்தும் முறையை லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். அப்படிப் பொரித்த குஞ்சுகளில் கிருமி வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனால் பண்ணையை விட்டு வெளியே வந்த பிறகு மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் மற்ற ஆமைகளிடமிருந்தும் அவை மீண்டும் கிருமியைப் பெற்றுக்கொள்வதை அந்த முறையால் தடுக்க முடியவில்லை. அதைவிடக் கவலைக்குரியதாக, அந்த மருந்துக்குக் கட்டுப்படாத சால்மொனெல்லா வகைகள் ஆமைகளில் காணப்பட்டன. குழந்தை உயிருக்குப் போராடும்போது மருத்துவர் கையில் எஞ்சியிருக்க வேண்டிய மருந்து அது.

மற்ற ஊர்வனவும் இதே கிருமியைச் சுமக்கின்றனவே, பல்லியையும் ஓணானையும் பாம்பையும் கடையில் தாராளமாக விற்க அனுமதித்துவிட்டு ஆமையை மட்டும் ஏன் தடுக்கிறீர்கள் என்று பண்ணைக்காரர்கள் கேட்டார்கள். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. என்றாலும் அதற்கு விடை ஆமைக்குஞ்சையும் அனுமதிப்பது என்று நான் நினைக்கவில்லை. ஓணான் வாங்க வருபவர் பெரும்பாலும் ஓணான் வேண்டும் என்று முடிவுசெய்து வருகிறார். ஆமைக்குஞ்சோ குழந்தையின் கண் உயரத்தில், குழந்தைக்கு ஏற்ற பெட்டியில், குழந்தை கேட்டு அடம்பிடிக்கும் விலையில் வைக்கப்படுகிறது. அது குழந்தைக்கென்றே விற்கப்படுகிறது. பண்ணைக்காரர்கள் பிறகும் நீதிமன்றத்துக்குப் போனார்கள், தடை நீங்கவில்லை.

விதியில் விலக்குகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் கடைவாசலில் காதில் விழும் பேச்சின் மதிப்பு புரியும். அறிவியல், கல்வி, காட்சி ஆகிய உண்மையான நோக்கங்களுக்காகச் சிறிய ஆமைகளை விற்கலாம். ஆனால் அந்த வரியிலேயே, வளர்ப்புப் பிராணியாக வைத்துக்கொள்வதற்கு அல்ல என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. நான் கையெழுத்திட்ட தாள் இந்த விலக்கின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டாம் பாதியை விட்டுவிட்டது. நான்கு வயதுக் குழந்தையின் படுக்கையறை அலமாரி கல்விக்கூடம் ஆகாது. என் கையெழுத்து அதைக் கல்விக்கூடம் ஆக்கிவிடவும் முடியாது. வணிகத் தொடர்பில்லாமல் ஒருவர் தம்மிடமுள்ள ஆமையை மற்றொருவருக்குக் கொடுப்பதும் விலக்குதான். வீட்டில் வளர்ந்த ஆமையை நண்பருக்குத் தருவதற்கு அது பொருந்தும்; கடை போட்டு உட்கார்ந்திருப்பவர், ஆமை இலவசம், பெட்டிக்குத்தான் பணம் என்று சொல்வதற்குப் பொருந்தாது. வேறு எந்த வகை வினியோகமும் என்ற சொற்கள் விதியில் இருப்பது இந்த வழியை அடைப்பதற்காகத்தான். மூன்றாவது விலக்கு ஏற்றுமதி. வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக மட்டும் என்று பெட்டியின் வெளியே தெளிவாக எழுதி அனுப்பலாம். இந்த நாட்டின் குழந்தைகளுக்கு ஆபத்தானது என்று தீர்மானித்த ஒன்றை மற்ற நாட்டுக் குழந்தைகளுக்கு அனுப்ப அனுமதிப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இந்த விதியில் திருத்த வேண்டியது ஏதாவது உண்டு என்றால் அது இதுதான் என்பது என் எண்ணம்.

சட்டம் ஐம்பது ஆண்டுகளாக இருந்தும் அந்த மேசை எப்படி அங்கே இருந்தது என்று கணவர் கேட்டார். விற்பவர்கள் பெரும்பாலும் நிலையான கடைக்காரர்கள் அல்லர். வாரச்சந்தை, திருவிழா மைதானம், கடற்கரைச் சாலை, நெடுஞ்சாலையோரம், இப்போது இணையம் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அதிகாரி வரும்போது மேசை மடிக்கப்பட்டிருக்கும். மத்திய விதியைச் செயல்படுத்த மாநில அலுவலர்களின் துணையும் வேண்டும், அவர்கள் எண்ணிக்கையோ குறைவு. வாங்கியவர் புகார் செய்வதும் அரிது. குழந்தைக்கு வந்த வயிற்றுப்போக்கையும் ஆமையையும் யாரும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை. சுகாதாரத் துறை கேட்டிருக்காவிட்டால் நானும் கோழிக்கறியின்மேல்தான் பழிபோட்டிருப்பேன்.

2007இல் ஃபுளோரிடா மாநிலத்தில், பிறந்து சில வாரங்களே ஆன பெண் குழந்தை ஒன்று சால்மொனெல்லா தொற்றால் இறந்தது. குழந்தையின் உடலில் இருந்த அதே வகைக் கிருமி, வீட்டில் இருந்த சிறிய ஆமையிடமும் இருந்தது. அந்த ஆமை அந்த வீட்டுக்கு அன்பளிப்பாக வந்தது. 2011 முதல் 2013 வரை சிறிய ஆமைகளால் பல மாநிலங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக எட்டுத் தொற்றுப் பரவல்கள் ஏற்பட்டு 473 பேர் நோயுற்றதாகப் பதிவானது. நோயுற்றவர்களின் வயதை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது நான்கு வயது. 2023இலும் 2024இலும் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சிறிய ஆமைகளைப் பற்றி மறுபடியும் எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கிருமியின் மரபணு வரிசையை நாடெங்கும் உள்ள ஆய்வகங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதால்தான் இந்தப் பரவல்கள் வெளியே தெரிகின்றன. என் மகனின் மாதிரியும் அப்படி ஒப்பிடுவதற்காக அனுப்பப்பட்டது.

பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தொற்று ஒரு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்கள் ஆகியோருக்குத்தான் பெரும்பாலும் அது குடலோடு நிற்காமல் ரத்தத்தில் கலந்துவிடக்கூடும். பச்சிளம் குழந்தைகளுக்கு மூளை உறை வரைகூடப் போகலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் ஆமையோ வேறு ஊர்வனவோ வேண்டாம், எந்த அளவாக இருந்தாலும் வேண்டாம் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. சட்டம் நான்கு அங்குலத்தில் நின்றுவிடுகிறது. நம் வீடு அங்கே நிற்க வேண்டியதில்லை.

முத்துவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் அவன் செய்த குற்றம் எதுவும் இல்லை. அவன் சிவப்புக் காது ஆமை இனம். ஓர் அங்குலத்தில் தொடங்கும் இந்த இனத்தின் பெண் ஆமை பத்து அங்குலத்துக்கு மேல் வளரும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் முப்பது ஆண்டுகள்கூட வாழும். நீந்துவதற்கு ஆழமான தண்ணீர், ஏறி உலர்வதற்கு மேடை, வெப்ப விளக்கு, ஓடு உறுதியாக வளர்வதற்கு வேண்டிய புற ஊதா ஒளி, வலுவான வடிகட்டி எல்லாம் அவனுக்குத் தேவை. வளர்ந்த ஒன்றுக்கு நூறு காலன் தொட்டி வேண்டும். தென்னை மரப் பெட்டியில் வைத்தவை பெரும்பாலும் ஓடு மெத்தென்றாகி, கண் வீங்கி, சில மாதங்களில் இறந்துபோகின்றன. பிழைத்து வளர்ந்தவற்றைப் பெரிதாகிவிட்டதே என்று குளத்திலும் ஏரியிலும் விட்டுவிடுகிறார்கள். அங்கே அவை உள்ளூர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்கின்றன. உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் இந்த இனமும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இவற்றின் இறக்குமதியைத் தடைசெய்தது. ஜப்பான் 2023 ஜூன் முதல் இவற்றை விற்பதையும் வெளியில் விடுவதையும் தடைசெய்திருக்கிறது.

ஆகவே அவனை ஏரியில் விடும் எண்ணம் எங்களுக்கு எழவில்லை. சுகாதாரத் துறை அலுவலரே ஊர்வனவற்றை மீட்டு வளர்க்கும் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொன்னார். அவருடைய வீட்டில் சிறு குழந்தைகள் இல்லை. கையுறை அணிந்து வந்து முத்துவை வாங்கிக்கொண்டு, பெட்டியையும் கூழாங்கற்களையும் தென்னை மரத்தையும் இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போடச் சொன்னார். இந்தக் கோடையில் இது பதினோராவது என்றார். நானும் கணவரும் சமையலறைத் தொட்டியையும் அலமாரியையும் குளோரின் கலந்த நீரால் துடைத்தோம். மகள் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. தம்பிக்கு வயிறு வலித்தது முத்துவால் அல்ல, அம்மா கழுவிய தொட்டியால் என்று அவளுக்குச் சொன்னேன், அது உண்மையும்கூட. கடை இருந்த மாநிலத்தின் சுகாதாரத் துறைக்கு, நாள், இடம், தாளில் இருந்த வரி எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். நீங்களும் அத்தகைய மேசையைப் பார்த்தால் அந்தந்த ஊரின் சுகாதாரத் துறைக்குத் தெரிவியுங்கள், எஃப்.டி.ஏ.வுக்கும் தெரிவிக்கலாம். படம் எடுத்து வைத்துக்கொண்டால் உதவும்.

சென்ற மாதம் அந்தப் பெண்மணி எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். பெரிய கண்ணாடித் தொட்டியில், விளக்கின் அடியில், நான்கு காலையும் நீட்டி வெயில் காய்வதுபோல முத்து படுத்திருக்க, பக்கத்தில் அவர் அளவுகோல் ஒன்றை வைத்திருந்தார். நான்கரை அங்குலம். முன்னங்கால்களின் நகம் குட்டையாக இருப்பதால், அவன் அல்ல, அவள் என்றும் எழுதியிருந்தார். இப்போது ஆறு வயதாகும் மகள் அந்தக் கோடுகளை விரல் வைத்து எண்ணினாள். "அம்மா, இப்ப முத்து பெருசாயிட்டாளே, தம்பிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள். அளவுதான் மாறியிருக்கிறது, உள்ளே இருப்பது மாறவில்லை என்று அவளுக்குப் புரியும்படி சொல்வதற்கு நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள், மூன்று வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் மகன் எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து, கைபேசியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, திரையில் இருந்த ஆமைக்கு வாயைத் திறந்து முத்தம் கொடுத்தான்.